அன்று தோப்பில் மோட்டார் ஓடியது

போன வாரம் நம் மனநல உதவி மையத்துக்கு நான் வந்திருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க்கா, ஒருத்தரு ஊட்டுக்குள்ள போனதும் மொதல்ல என்ன பேசோணுமுங்க?" ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். ரயில் எதுவும் இல்லை. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து முகத்தையே பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. தனியாக இருந்தால் வரும். அதனால் எழுதித் தருகிறேன்.

உங்களுக்கெல்லாம் பட்டம் இருக்கிறது. அது வேண்டும். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். திருப்பூரில் பனியன் கம்பெனி, வால்பாறையில் தேயிலை, பிறகு கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி வேலை என்று அலைந்தேன். ஓரிடத்தில் கொஞ்ச நாள் இருந்தாலே எனக்குக் கால் அரிக்கும். வளைகுடாவில் ஒரு வீட்டில் சமையலுக்குப் போனேன். அங்கே போர் வந்தது. வீட்டுக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நான் ஒரு மூட்டை அரிசியோடு அந்த வீட்டில் இருந்தேன். அரிசி தீர்வதற்குள் கப்பல் கிடைத்தது. ஊர் திரும்பியும் அலைச்சல் நிற்கவில்லை. கடைசியாகப் போத்தனூரில் இந்த மையத்தில் சேர்ந்தபோது, இதுவும் ஒரு வருடம்தான் என்று நினைத்தேன். ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டேன்.

நான் இங்கே வேலையில் இருந்தபோதுதான், நம் பக்கத்துப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போயிருந்த ஒரு நாட்டில் போர் தொடங்கியது. விடுதிகளின் நிலவறையில் இருந்துகொண்டு பிள்ளைகள் நம் மையத்துக்குப் போன் செய்வார்கள். அதெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் ஆள் போதவில்லை. தலைமை டாக்டரம்மா என்னையும் பயிற்சியில் உட்காரவைத்து, வீடுகளுக்கு அனுப்பினார். கூட உட்கார்ந்திருக்க வேண்டும். ஏதாவது மோசமாகத் தெரிந்தால் அவரைக் கூப்பிட வேண்டும். அதுதான் என் வேலை.

பிள்ளை வந்து சேர்ந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நம் ஊர்களில் அப்போதுதான் விசாரிக்க வருவது ஆரம்பிக்கும். பங்காளி, மாமன், மச்சான், சம்பந்தி வீடு என்று ஆப்பிளோ ஆரஞ்சோ வாங்கிக்கொண்டு வண்டி வண்டியாக வருவார்கள். அன்பாகத்தான் வருவார்கள். "அங்க எப்பிடிங் கண்ணு இருந்துச்சு, குண்டு பக்கத்துல உழுந்துச்சா" என்று கேட்பார்கள். பிள்ளை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கார் வாசலில் நிற்கும்.

இனி நான் சொல்லப்போகிற பெண்ணுக்கு நந்தினி என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பிச் சில வாரங்கள் ஆகியும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை. அவளுடைய அப்பா மையத்துக்குப் போன் செய்தார். நான் போனேன்.

வாசலிலேயே அவளுடைய அம்மா கேட்டார்: "வாங்க. சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றேன். ஆகவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் அது ஒன்றுதான் பதில் என்பது உங்களுக்கும் தெரியும்.

நந்தினி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "நீங்க ஆப்பிளுங்களா, ஆரஞ்சுங்களா?"

"ஒண்ணும் வாங்கிட்டு வரலை கண்ணு. பையில குடை இருக்கு."

"அப்ப உக்காருங்க."

அவ்வளவுதான். மொதல்ல என்ன பேசோணும் என்று கேட்ட பெண்ணுக்கு இதுதான் என் பதில். எதையும் நான் யோசித்துப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

லேப்டாப் திரையில் ஒரு காலி வகுப்பு திறந்திருந்தது. போர் நடக்கும்போதே அவர்கள் கல்லூரி ஆன்லைனில் வகுப்பு நடத்தியது. ஆசிரியர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். அதில் மருந்தியல் எடுக்கிற ஒரு மேடம். வகுப்புத் தொடங்கும்போது ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பாராம். இங்கே பிள்ளைகள் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, சூடேற்றக் கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்து பாடம் எடுப்பார். ஒரு நாள் பாதிப் பாடத்தில் அபாயச் சங்கு ஊதியது. இதோ வருகிறேன் என்று எழுந்து போனார். கேமரா அணையவில்லை. நாற்காலி மட்டும் தெரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நந்தினி உட்கார்ந்திருந்தாள். பிறகு திரை கறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த மேடத்தின் வகுப்பு நடக்கவில்லை. கல்லூரியிடமிருந்து தகவலும் இல்லை. ஆனாலும் தினமும் மதியம் அந்த வகுப்பு நேரத்துக்கு நந்தினி உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரம் முடியும்வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

முதல் வாரம் நானும் அவளும் அந்தக் காலி வகுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் திடீரென்று சங்கு ஊதியது. சற்று நேரத்தில் தரை அதிர்ந்தது. நான் எழுந்தே விட்டேன். எத்தனை வருடமானாலும் உடம்பு மறப்பதில்லை. அவள் அசையவில்லை.

"கல்குவாரிங்க்கா. சங்கு ஊதிட்டுத்தான் வெடி வெப்பாங்க. உக்காருங்க" என்றாள். என்னை முதன்முதலாக நேராகப் பார்த்தாள். "நீங்களும் எங்கியோ இருந்திருக்கீங்க."

"இருந்தேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவள் அத்தையைப் பற்றிச் சொன்னாள்.

அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து இந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். நந்தினியை வளர்த்தது அவர்தான். நந்தினி நிலவறையில் இருந்த நாட்களில் அவர் இறந்துபோனார். வீட்டில் யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைக்கு, வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குச் சாவைச் சொல்லக் கூடாது. பரீட்சை முடியட்டும், ஊர் வந்து சேரட்டும் என்று வைத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். அத்தை எங்கே என்று அவள் போனில் கேட்டபோதெல்லாம் தோட்டத்தில் இருக்கிறாள், தூங்குகிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். விமான நிலையத்திலிருந்து வீடுவரை காரில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் அத்தையின் படம். மாலை போட்டிருந்தது.

"மாலை காஞ்சே போச்சுங்க்கா. புதுசுகூட மாத்தலை" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஊருக்கே தெரியும். பால்காரருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இன்னொருக்கா அப்பிடி ஆச்சுன்னா நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன். அங்கியே திரும்பிப் போயிருவேன். பசங்க சில பேரு போய்ட்டாங்க."

பாஸ்போர்ட் மேசைமேல் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் நான் போனபோது அவளுடைய அப்பா வீட்டு வாசலில் இல்லை; தோப்பின் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். பெரிய உடம்பு. பேச்சு எப்போதும் தணிந்துதான் இருக்கும். அன்று இன்னும் தணிந்திருந்தது.

"ஏனுங்க்கா, ஒரு நிமிசம். அந்த மேடம் தவறிப் போய்ட்டாங்களாமா."

பொள்ளாச்சியில் இன்னொரு மாணவனின் அப்பா காலையில் போன் செய்து சொல்லியிருக்கிறார். பிள்ளைகளை அனுப்பிவைத்த ஏஜென்ட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டார். அன்று சங்கு ஊதி எழுந்து போனவர் கீழே நிலவறைக்குப் போய்ச் சேரவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள்ல பரீட்சைங்க. அது வரைக்கும் தெரிய வேண்டாம். நாங்க சொன்னா நம்ப மாட்டா. நீங்க வெளியாளு. மேடம் பக்கத்து நாட்டுக்குப் போய்ட்டாங்க, நல்லா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க காலுல வேணாலும் உழுகறேன்."

இன்னொன்றும் சொன்னார். அன்று மதியம் அதே வகுப்பு நேரத்தில் வேறொரு ஆசிரியர் வருகிறாராம். அவர் அங்கே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் அவளை வண்டியில் ஏற்றி ஆனைமலைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்விடலாம், போனை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். தப்பான யோசனை என்று உங்களுக்கு உடனே தெரிகிறது. அந்தக் கேட்டில் நின்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருந்தால் அவ்வளவு சுலபமாகத் தெரிந்திருக்காது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். இன்னொரு அழைப்பில் இருந்தவர் அதை நிறுத்திவைத்துவிட்டுப் பேசினார். நான் போய் அவளிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"நீ சொன்னா உன் பாரம் எறங்கும். அப்பறம் நீ பஸ் ஏறி வந்துடுவே. அவ யாரோட இருப்பா? அவங்க அப்பா சொல்லணும். நீ பொய்க்கு மட்டும் தொணை போகாதே."

போனை வைத்துவிட்டார். நிறுத்திவைத்த அழைப்பிலும் யாரோ ஒரு பிள்ளை இருந்திருக்கும். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த வேலையில் இப்படி ஒரு நேரம் வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே இருக்கிறவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். அதைச் செய்வதற்கு நீங்கள் மட்டும்தான் நிற்பீர்கள்.

நான் அவரிடம், பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அவளிடம் நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன் என்றேன். அவர் தோப்புக்குள் நடந்தார். நானும் பின்னால் போனேன். வேறு எங்கே போவது? மோட்டார் ரூம் திண்டில் உட்கார்ந்தார். வகுப்புக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. அவரை அவசரப்படுத்தினால் எழுந்து வண்டியை எடுத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அதனால் கேட்டேன்: "உங்கக்கா தவறினப்ப நந்தினி போன் பண்ணுனாளுங்களா?"

அவர் மோட்டார் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே பண்ணுனாளுங்க. அக்காளைக் கூடத்துல படுக்க வெச்சிருக்கோம். பொம்பளைக எல்லாம் ஒப்பாரி வெச்சுட்டு இருக்காங்க. போன் அடிக்குது. எடுக்கலைன்னா புள்ள பயந்துக்கும். எடுத்தா அழுகைச் சத்தம் கேக்கும். இங்க ஓடியாந்து மோட்டாரைப் போட்டுட்டு எடுத்தேன். என்னப்பா சத்தம்னா. தண்ணி பாயுது கண்ணுன்னேன். சிரிச்சுத்தான் பேசுனேன். அவ வெக்கற வரைக்கும் சிரிச்சேன். அப்பறம் மோட்டாரை நிறுத்தறக்குக்கூட எந்திரிக்க முடியலீங்க."

"இது ஊட்டுல யாருக்குத் தெரியும்?"

"யாருகிட்டச் சொல்றதுங்க?"

அந்த நேரத்தில் என் கதை ஒன்று தொண்டைவரை வந்தது. நான் வளைகுடாவில் இருந்தபோது, எல்லோரும் நலம் என்றே எனக்குக் கடிதங்கள் வந்தன. திரும்பி வந்தபோது வீட்டில் அம்மா இல்லை. வேறு யாரோ குடியிருந்தார்கள். அவ்வளவுதான் அந்தக் கதை. அதை அவரிடம் சொல்லியிருந்தால் எனக்காக அவர் இரக்கப்பட்டிருப்பார், நல்ல மனிதர். அவருடைய ஒரு மணி நேரத்தில் பாதியை நான் தின்றிருப்பேன். வாயை மூடிக்கொண்டேன். உங்கள் கதையை அடுத்தவர் வீட்டில் இறக்கிவைக்காதீர்கள். அதற்கு இடம் வேறெங்கும் இல்லாவிட்டாலும் கூட.

"இதையே அவகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"எதைங்க?"

"மோட்டார் போட்டதை. மேடத்தைப் பத்தியும் சொல்லுங்க. ரெண்டையும் சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எழுந்தார். அவர் வீட்டுப் பக்கம் போகிறாரா, வண்டி நிற்கிற பக்கம் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசித் தென்னைவரை தெரியவில்லை. வீட்டுக்குத்தான் போனார்.

நான் கூடத்தில், அத்தையின் படத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். அறைக் கதவு திறந்திருந்தது. நந்தினியின் அம்மா சமையற்கட்டில் பாத்திரத்தை வைத்துவிட்டு அசையாமல் நின்றார்.

"கண்ணு, உன்ற மேடம் செத்துப் போய்ட்டாங்க" என்றார் அப்பா. அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. பயிற்சியில் அவரை யாரும் உட்காரவைக்கவில்லை. தானாகவே நேரான சொல்லை எடுத்தார்.

அவள் அழவில்லை. "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"காத்தால. இவ்வளவு நேரமும் மறைக்கத்தான் பாத்தேன். மையத்துலருந்து வர்ற அக்காவைப் பொய் சொல்லச் சொன்னேன். அவங்க மாட்டேன்னுட்டாங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு வண்டிச் சாவிகூட எடுத்து வெச்சேன்." சாவியை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. பிறகு, என்னிடம் சொன்னதுபோல் தொடர்ச்சியாக இல்லாமல், விட்டு விட்டு மோட்டாரைப் பற்றிச் சொன்னார்.

எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. எழுந்து போகிற நேரம் அதுவல்ல.

"நீங்க மோட்டார் போட்டது கேட்டுதுங்கப்பா" என்றாள் நந்தினி. "அங்க கீழ எல்லாரும் படுத்திருந்தோம். மேல இடிச்சுட்டே இருந்துச்சு. நம்ம தோப்புல தண்ணி பாயுது, அத்தை வாய்க்கால் மடை திருப்பிட்டு இருப்பான்னு நெனச்சுட்டே தூங்கிட்டேன். அங்க போய் நான் ஒழுங்காத் தூங்குனது அன்னிக்குத்தான்."

அப்போதுதான் அவர் அழுதார். அவள் அப்புறம் அழுதாள். அம்மா உள்ளே போனார். மூன்று பேர் சத்தமும் கேட்டது. வழக்கமாக இழவு வீட்டில் கேட்கும் சத்தம்தான். அந்த வீட்டில் அது கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

வகுப்பு நேரம் வந்தது. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து திரை முன்னால் உட்கார்ந்தாள். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, துண்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கேமராவில் தானும் தெரிவது அவருக்குத் தெரியவில்லை. அவள் சொல்லவும் இல்லை. என்னை உள்ளே வந்து நிற்கச் சொன்னாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பல வீடுகள், பல சுவர்கள், சிலருடைய பின்னால் சாமி படங்கள். புதிய ஆசிரியர் வந்தார். சின்ன வயது, இந்தப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். கோட்டுப் போட்டிருந்தார். பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்தார். வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. பட்டியலைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். இத்தனை பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பின்னால் யாரும் இல்லை.

ஆசிரியருக்கு யார் துணை என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. பிள்ளைகளுக்காகப் போகிறோம், பெற்றவர்களிடம் பேசுகிறோம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள் யாருடைய கணக்கிலும் இல்லை.

நந்தினி மைக்கைத் திறந்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கும் புரிகிற ஆங்கிலம்தான்: "சார், நீங்க சாப்பிட்டீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். நாங்கள் காத்திருக்கிறோம், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றாள். அவர் எழுந்து போனார். நாற்காலி காலியாகத் தெரிந்தது. அவளுடைய கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். யாரும் வெளியேறவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு ரொட்டித் துண்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். அதைக் கடித்துக்கொண்டே பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்.

என் வேலை முடிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேசைமேல் பாஸ்போர்ட் அங்கேயேதான் இருந்தது. அதன்மேல் அவர் வைத்த வண்டிச் சாவி கிடந்தது. அந்த மூன்று பேருக்கும் அப்போது நான் தேவையில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அது எப்படி இருக்கும் என்று யாரும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்வதில்லை. ஒரு வீட்டின் நடுவில் அவ்வளவு நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தால், கேட்டுக்கு அப்பால் வெயிலும் ரோடும்தான் இருக்கும். நடந்ததைச் சொல்ல ஆள் இருக்காது. சொல்லவும் கூடாது.

கிணத்துக்கடவு ஸ்டேஷனில் பொள்ளாச்சியிலிருந்து வருகிற ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். பிளாட்பாரத்தில் நானும் ஒரு நாயும்தான். போத்தனூரில் என் அறையில் காலையில் வடித்த சோறு இருந்தது. அதற்குள் நீர் விட்டிருக்கும். குவாரிச் சங்கு ஊதியது. இந்தத் தடவை நான் எழவில்லை. போன் அடித்தது.

"அக்கா, சொல்லாமப் போய்ட்டீங்க. ரயில் வந்துருச்சுங்களா?"

"இன்னும் வரலை கண்ணு."

"சாப்ட்டீங்களா?"

ஆச்சு என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஐம்பது வருடப் பழக்கம். எத்தனையோ வாசலில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன். ஆனால் அவளிடம் இன்றைக்கு எல்லோரும் உண்மை சொல்லியிருந்தார்கள்.

"இல்ல கண்ணு" என்றேன். "காத்தாலிருந்து ஒண்ணும் சாப்பிடலை."

அந்தப் பக்கம் போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ ஏதோ சொன்னாள். பிறகு அவளுடைய அப்பாவின் குரல் கேட்டது.

"அந்த ரயிலை உட்டுருங்க்கா. வண்டிய எடுத்துட்டு வாரேன்."